முதல் மான் வேட்டைக்கு எந்த காலிபர் ரைஃபிள்?

கேள்வி இதுதான். கேட்டவர் விஸ்கான்சினில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறார், எச்-1பி விசா. நவம்பர் மான் வேட்டைக்கு அலுவலக நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். ஊரில் என்சிசியில் .22 ரைஃபிளால் நாலைந்து முறை சுட்டதோடு சரி. உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், எடை 60 கிலோ. நண்பர்களில் ஒருவர் ".300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கு, எல்லாவற்றுக்கும் ஆகும்" என்கிறார். இன்னொருவர் ".243 போதும்" என்கிறார். மூன்றாமவர் தாத்தா காலத்து .30-30-ஐ விட்டு நகர்வதே இல்லை. எதை வாங்குவது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 6.5 க்ரீட்மோர். நல்ல நிலையில் .308 வின்செஸ்டர் ஒன்று சகாய விலைக்குக் கிடைத்தால் அதையும் எடுக்கலாம். .243 சொன்ன நண்பரும் தப்பாகச் சொல்லவில்லை. .300 மேக்னம் மட்டும் வேண்டாம். அதற்கான சாட்சி என் இடது புருவத்துக்கு மேலே பிறை வடிவத்தில் இன்னும் இருக்கிறது. நான் இடதுகைக்காரன்.

நான் வாங்கிய முதல் ரைஃபிள் அந்த .300 மேக்னம்தான். கடைக்காரர் "பெரிதாக வாங்கினால் பின்னால் எல்க் வேட்டைக்கும் ஆகும்" என்றார். எல்க் என்பது இங்குள்ள பெரிய மான் இனம். துணிக்கடையில் "வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாக எடுங்க" என்று சொல்வார்களே, அப்படி. சுடுதளத்தில் மூன்றாவது தோட்டாவிலேயே ஸ்கோப்பின், அதாவது மேலே மாட்டிய குறிபார்க்கும் தொலைநோக்கியின், விளிம்பு வந்து புருவத்தைக் கிழித்தது. காயம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் விசையை அழுத்தும் கணத்தில் கண்ணை மூடிக்கொண்டு தோளைச் சுருக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது, அதை விரட்ட இரண்டு வருடம் ஆனது. அந்த நவம்பரில் ஒரு பெட்டை மான் 60 கெஜத்தில், பக்கவாட்டில், அசையாமல் நின்றது. அதைவிடச் சுலபமான வாய்ப்பு யாருக்கும் அமையாது. நான் சுட்ட குண்டு வயிற்றில் பட்டது. மாலை முழுக்க ரத்தத் துளிகளைத் தேடி நடந்தோம், மறுநாள் காலையில்தான் கிடைத்தது. அந்த இரவு நான் தூங்கவில்லை. அவ்வளவு பெரிய தோட்டா எனக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் இந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள், பாதித் தலைவலி போய்விடும். காலிபர் என்பது குழலின் அல்லது குண்டின் விட்டம், அவ்வளவுதான். .308 என்றால் குண்டின் விட்டம் 0.308 அங்குலம், கிட்டத்தட்ட 7.8 மில்லிமீட்டர். ஆனால் .30-30, .308 வின்செஸ்டர், .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் நான்கிலுமே குண்டின் விட்டம் அதே 0.308 அங்குலம்தான். வேறுபடுவது பின்னாலுள்ள பித்தளைக் கூடும் அதில் அடைத்த வெடிமருந்தும். குண்டு, கூடு, மருந்து எல்லாம் சேர்ந்த முழுச் சாமான்தான் தோட்டா. ஆக நீங்கள் உண்மையில் தேர்ந்தெடுப்பது காலிபரை அல்ல, தோட்டாவை. "காலிபர் என்ன?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள், நாமும் அப்படியே சொல்லிவைப்போம்.

பெயர்களில் ஒழுங்கு எதையும் தேடாதீர்கள். .30-06 என்பதன் கடைசி எண் 1906-ஆம் ஆண்டைக் குறிக்கிறது, அமெரிக்க ராணுவம் அதை ஏற்றுக்கொண்ட வருடம். .30-30-இல் இரண்டாவது 30 என்பது தொடக்கத்தில் அதில் அடைத்த புகையில்லா மருந்தின் எடை, 30 கிரெய்ன். நம் ஊர் போலீஸ் கையில் பார்த்துப் பழகிய த்ரீ-நாட்-த்ரீ குழலின் உள்விட்டத்தால் பெயர் பெற்றது, அதன் குண்டு .303-ஐவிடச் சற்றுத் தடிமன். கிரெய்ன் என்கிற எடை அடிக்கடி வரும். ஒரு கிரெய்ன் ஏறக்குறைய அரைக் குன்றிமணி. 150 கிரெய்ன் குண்டு பத்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவு.

இப்போது மானைப் பற்றி. விஸ்கான்சினில் நீங்கள் சுடப்போவது வெள்ளைவால் மான். வளர்ந்த கிடா 70 முதல் 90 கிலோ, பெட்டை அதைவிடக் குறைவு. ஏறக்குறைய நம் புள்ளிமான் அளவு என்று வைத்துக்கொள்ளலாம், கடமானோடு ஒப்பிட்டால் சின்ன விலங்கு. தோல் தடிப்பில்லை, எலும்பும் பெரிதில்லை. நெஞ்சுக்கூட்டுக்குள் நுரையீரலும் இதயமும் சேர்ந்து எட்டிலிருந்து பத்து அங்குல விட்டமுள்ள இடத்தை அடைத்திருக்கின்றன. வீட்டுத் தோசைக்கல்லில் நடுவாக ஊற்றிய தோசை அளவு. முன்னங்காலின் பின்பக்க விளிம்பை ஒட்டி மேலே போய், உடலின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் நடுவில் பட்டால் போதும். அந்தத் தோசைக்குள் விழும் குண்டு .243 ஆனாலும் .308 ஆனாலும் முடிவு ஒன்றுதான். இரண்டுக்கும் விட்டத்தில் உள்ள வித்தியாசம் 1.65 மில்லிமீட்டர், ஒரு பொன்னி அரிசியின் அகலம்கூட வராது. தோசைக்கு வெளியே பட்டால் எந்த மேக்னமும் உங்களைக் காப்பாற்றாது.

"இடித்துத் தள்ளும் சக்தி" என்று ஒன்றைப் பற்றி நண்பர்கள் பேசுவார்கள். பள்ளியில் படித்த நியூட்டனை நினைத்துக்கொள்ளுங்கள். குண்டு மானுக்குக் கொடுக்கும் தள்ளு, துப்பாக்கி உங்கள் தோளுக்குக் கொடுத்த தள்ளைவிட அதிகமாக இருக்க முடியாது. நீங்கள் மல்லாந்து விழவில்லை என்றால் மானையும் அது தூக்கி எறியாது. மான் சாவது நுரையீரல் கிழிந்து ரத்தம் வடிவதால். மூளையிலோ முதுகுத்தண்டிலோ பட்டால்தான் நின்ற இடத்தில் விழும். நுரையீரலில் சரியாகப் பட்ட மான்கூட 50, 100 கெஜம் ஓடிவிட்டு விழுவது சாதாரணம். புதிதாக வந்தவர்கள் அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் "தோட்டா பத்தவில்லை" என்று நினைத்து அடுத்த வருடம் பெரியதாக வாங்குகிறார்கள். மானோ அங்கே புதருக்குப் பின்னால் கிடக்கும், இவர்கள் அரைமணி நேரம் காத்திருந்து தேடியிருக்க வேண்டும்.

சரி, எவ்வளவு சக்தி தேவை? மான் நிற்கும் தூரத்தில் குண்டு 1000 அடி-பவுண்டு ஆற்றலோடு இருக்க வேண்டும் என்று பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு. அறிவியல் என்று சொல்ல முடியாது, ஆனாலும் ஒரு கோடு போட்டுக்கொள்ள உதவும். கொலராடோ மாநிலம் அதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது: 100 கெஜத்தில் 1000 அடி-பவுண்டு, குறைந்தபட்ச காலிபர் .24, மானுக்கு 70 கிரெய்னுக்குக் குறையாத, விரியும் குண்டு. 100 கிரெய்ன் .243 குழலை விட்டு வெளியே வரும்போது 1900-க்கு மேல் இருக்கிறது, 200 கெஜத்திலும் கோட்டுக்கு மேலேதான். 140 கிரெய்னை ஒட்டிய 6.5 க்ரீட்மோர் சுமார் 2300-இல் கிளம்புகிறது. 150 கிரெய்ன் .308 சுமார் 2650. .30-30 மட்டும் 200 கெஜத்துக்குள்ளேயே கோட்டைத் தொட்டுக் கீழே இறங்கிவிடும். ஆனால் விஸ்கான்சின் காட்டுக்குள் உட்கார்ந்தால் 100 கெஜத்துக்கு மேல் பார்வையே போகாத இடங்கள்தான் அதிகம். நான் எடுத்த மான்களில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் 120 கெஜத்துக்குள். அந்த ஒன்று அறுவடை முடிந்த சோளக்கொல்லையின் மறுகோடியில் நின்றது, 190 கெஜம்.

ஆக, சக்தியில் எல்லாமே தேர்ச்சிதான். அப்புறம் எதை வைத்துப் பிரிப்பது? உதையை வைத்து, அதாவது சுட்டதும் துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிப்பதை வைத்து.

உதை என்பது குண்டின் எடை, அதன் வேகம், மருந்தின் எடை, துப்பாக்கியின் எடை இந்த நான்கும் சேர்ந்து தருவது. ஸ்கோப்போடு மூன்றரைக் கிலோவை ஒட்டிய ரைஃபிளில் தோராயமாகச் சொன்னால் .243 ஒன்பது பத்து அடி-பவுண்டு உதைக்கும். .30-30 பதினொன்று. 6.5 க்ரீட்மோர் பன்னிரண்டு பதின்மூன்று, 7 எம்எம்-08 அதே கணக்கு அல்லது ஒன்று கூடுதல். .270-உம் .308-உம் பதினாறு பதினேழு. .30-06 இருபது. .300 மேக்னம் இருபத்தைந்தைத் தாண்டும். இதில் பதினைந்தை ஒட்டி ஒரு கோடு இருப்பதாக என் அனுபவம். அதற்குக் கீழே என்றால் ஒரு மத்தியானத்தில் இருபது தோட்டா சுட்டுவிட்டு, இன்னும் ஐந்து இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்றும். அதற்கு மேலே போனால் எட்டாவது தோட்டாவில் "போதும், குறி சரியாகத்தான் இருக்கிறது" என்று உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வீர்கள். மேக்னத்தால் வரும் கேடு தோள்வலி அல்ல. தோள்வலிக்கு ஐயோடெக்ஸ் இருக்கிறது. அது உங்களைப் பயிற்சியிலிருந்து விரட்டிவிடும், அதுதான் கேடு.

உடல் எடை குறைந்தவர்களுக்கு மட்டுமான விஷயம் என்றும் இதை நினைக்க வேண்டாம். நூற்றிருபது கிலோ ஆட்கள் அசைந்து கொடுக்காமல் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு சுடுவதைச் சுடுதளத்தில் பார்த்திருக்கிறேன். கண் சிமிட்டுவது தசை சம்பந்தப்பட்டதில்லை. சத்தத்துக்கும் அதில் பங்கு உண்டு, அதனால் பயிற்சியின்போது காதடைப்பானும் அதற்கு மேல் காதுமூடியும் இரண்டுமே போட்டுக்கொள்ளுங்கள். உதையைக் குறைக்கக் குழல் முனையில் மசில் பிரேக் மாட்டச் சொல்வார்கள். உதை நிஜமாகவே குறையும். ஆனால் சத்தம் பக்கவாட்டிலும் பின்னாலும் திரும்பி, சுடுபவர் காதையும் பக்கத்திலிருப்பவர் காதையும் பதம் பார்க்கும். அதை மாட்டினால்தான் சமாளிக்க முடியும் என்கிற தோட்டா உங்களுக்குத் தேவையே இல்லாதது.

இப்போது ஒவ்வொன்றாக, எனக்குத் தோன்றியபடி.

.243 வின்செஸ்டர் 1955-இல் வந்தது, .308 கூட்டின் கழுத்தை ஒடுக்கிச் செய்தது. உதை மிகக் குறைவு, குறி அருமையாக நிற்கும். இங்கே பண்ணைவீட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு வயதில் இதைத்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இங்கிலாந்தில் 1991-ஆம் ஆண்டின் மான் சட்டம் பெரிய மான்களுக்குக் குறைந்தபட்சம் .240 காலிபர், 1700 அடி-பவுண்டு என்று வரையறுத்திருக்கிறது, அந்தக் கோட்டை .243 தாண்டிவிடும். என் தயக்கம் ஒன்றே ஒன்று. குண்டு இலேசு என்பதால், தோள் எலும்பில் கோணலாகப் பட்டால் மறுபக்கம் வெளியேறாமல் உள்ளேயே நின்றுவிட வாய்ப்பு அதிகம். வெளியேறும் துளை இல்லை என்றால் ரத்தத் தடம் குறைவு. தடம் பிடிக்கத் தெரியாத புதியவருக்கு அது சிரமம். 95, 100 கிரெய்னில் மானுக்கென்றே செய்த குண்டாக வாங்கினால் இந்தக் கவலை பெரும்பாலும் தீரும். 55, 58 கிரெய்னில் நரிக்கும் கயோட்டிக்கும் செய்த குண்டுகளும் அதே பெயரில் விற்கும், பெட்டியைப் படித்து வாங்குங்கள்.

6.5 க்ரீட்மோரை 2007-இல் ஹார்னடி நிறுவனம் இலக்குப் போட்டிக்காரர்களுக்காக உருவாக்கியது. இதை வைத்து நடக்கும் கேலிக்கு அளவில்லை, நம் ஊரில் கிரீன் டீ குடிப்பவரைக் கிண்டல் செய்வதுபோல. கேலியை விடுங்கள். நீண்ட, மெல்லிய குண்டு, ஆழமாக ஊடுருவும், காற்றில் அதிகம் விலகாது, உதை மிதம். பெரிய கடை சின்னக் கடை எல்லாவற்றிலும் தோட்டா கிடைக்கும். ரைஃபிள் தயாரிப்பவர்கள் எல்லோருமே மலிவான மாடலிலிருந்து இதைப் போடுகிறார்கள். குறை என்று பார்த்தால், அதை வைத்திருந்தால் 600 கெஜத்தில் சுடலாம் என்று யாராவது உங்கள் காதில் ஊதுவார்கள். காகிதத்தைச் சுடுங்கள், மானை வேண்டாம்.

7 எம்எம்-08 ரெமிங்டன் என் மனத்துக்கு நெருக்கமானது. 1980-இல் வந்தது, இதுவும் .308-இன் பிள்ளைதான். நூறு வருடத்துக்கு மேலாக உலகம் முழுக்க வேட்டையாடிய 7x57 மவுசர் என்ற பழைய ஜெர்மன் தோட்டாவின் வேலையை இன்னும் கச்சிதமான கூட்டில் செய்கிறது. மானுக்கு இதைவிடப் பொருத்தமான தோட்டா உண்டா என்று கேட்டால் எனக்கு யோசிக்க வேண்டியிருக்கும். ஆனால் 2020, 2021 தோட்டாத் தட்டுப்பாட்டில் இதைத் தேடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைக்குக் கடை வெறும் அலமாரி. .308-உம் 6.5-உம் திரும்பி வந்து மாதக்கணக்கான பிறகும் இது வரவில்லை. புதியவருக்கு முதல் ரைஃபிளாக இதைச் சொல்லாததற்கு அது ஒன்றே காரணம்.

.308 வின்செஸ்டர் 1952. எங்கும் கிடைக்கும், எத்தனையோ வகைக் குண்டுகள், மலிவான பயிற்சித் தோட்டாவும் உண்டு. உதை என் கோட்டுக்குச் சற்று மேலே, ஆனால் 125 கிரெய்னை ஒட்டிய குறைந்த உதைத் தோட்டாக்கள் விற்கிறார்கள். முதல் இரண்டு வருடம் அதைச் சுட்டுவிட்டு அப்புறம் 150-க்கு மாறலாம். இன்று என் கையில் இருப்பது இதுதான்.

.270, .30-06 இரண்டும் பழம்பெரும் தோட்டாக்கள். .270 வந்தது 1925-இல், இன்றும் அதில் எடுக்கும் மான்களுக்குக் கணக்கில்லை. யாராவது சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். காசு போட்டு வாங்கும் முதல் ரைஃபிளாக வேண்டாம்.

.30-30-ஐத் தாத்தா காலத்துச் சாமான் என்று ஒதுக்க வேண்டாம். 1895-இலிருந்து இன்றுவரை காட்டு வேட்டைக்கு அது பழைய சைக்கிள் மாதிரி, ஓடிக்கொண்டே இருக்கிறது. விசைக்குக் கீழே உள்ள நெம்பை இழுத்துத் தோட்டா ஏற்றும் கையடக்கமான லீவர் ரைஃபிள், உதை குறைவு. ஆனால் தெளிவான குறிக்கு 150 கெஜத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், லீவர் ரைஃபிளில் தோட்டாவைப் பத்திரமாக வெளியே எடுக்கவும் கொஞ்சம் பழக வேண்டும். கனமான குண்டு புதரைத் துளைத்துக்கொண்டு நேராகப் போகும் என்று .30-30 பிரியர்கள் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். சுள்ளியில் பட்டால் எந்தக் குண்டும் திசை மாறும்.

.223 என்ற சின்னத் தோட்டாவைப் பற்றியும் யாராவது சொல்வார்கள், அதைச் சுடும் ஏஆர்-15 ரைஃபிள் வைத்திருப்பவர்கள் நிச்சயம் சொல்வார்கள். விஸ்கான்சினில் சட்டப்படி செல்லும், கொலராடோவில் செல்லாது. இடம் பார்த்துச் சுடத் தெரிந்த பழைய கைகளுக்குச் சரி. முதல் வருடத்தில் அது வேண்டாம்.

மாநிலம் மாறினால் கதையே மாறும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நாளைக்கு வேலை மாறி ஓஹியோவுக்குப் போனால் இந்த 6.5 க்ரீட்மோரை மான் காலத்தில் எடுத்துக்கொண்டு போக முடியாது. அங்கே 2014-இலிருந்து அனுமதி உள்ள ரைஃபிள்கள், கழுத்து ஒடுங்காமல் நேராக இருக்கும் கூடுள்ள தோட்டாக்களுக்கானவை மட்டும். இப்படி விதி வைத்திருப்பவை சமவெளியில் வீடுகள் நெருங்கிய மாநிலங்கள், குண்டு வெகுதூரம் பறக்கக் கூடாது என்பது ஏற்பாடு. இதற்காகவே வின்செஸ்டர் 2019-இல் .350 லெஜண்ட் என்ற தோட்டாவைக் கொண்டுவந்தது. உதை மிகக் குறைவு, 150 கெஜம்வரை மானுக்குப் போதும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது, செம்புக் குண்டு வாங்க வேண்டும். ரைஃபிளுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தந்த மாநில இயற்கைவளத் துறையின் அந்த வருட விதிப் புத்தகத்தைப் புரட்டிவிடுங்கள்.

உங்கள் விசாவைப் பற்றி ஒரு வார்த்தை, இங்கே நிறைய தமிழர்களுக்கு இது தெரிவதில்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. விதிவிலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். அதாவது முதலில் உரிமம், அப்புறம் துப்பாக்கி, அந்த வரிசை மாறக் கூடாது. நண்பரின் ரைஃபிளைத் தொடுவதற்கும் இதே கணக்குதான். உரிமம் காலாவதியாகும் தேதியைக் கைப்பேசியில் குறித்துவையுங்கள், சந்தேகம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைக் கல்விச் சான்றிதழ் வாங்கித்தான் உரிமம் எடுக்க முடியும். சான்றிதழ் இல்லாமலே, அனுபவம் உள்ள ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் கூடவே இருக்கும் நிபந்தனையோடு வேட்டையாடவும் உரிமம் உண்டு. எனக்கு அது தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் முதல் வருடம் ரைஃபிளே வாங்கியிருக்க மாட்டேன்.

ஊரில் பேசும்போது "மானைச் சுட்டேன்" என்றால் அதிர்ச்சியாகப் பார்ப்பார்கள், அதுவும் நியாயம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை என்றால் ஜெயில்தான். இங்கே அரசே எண்ணிக்கை பார்த்து உரிமம் விற்கிறது, அந்தப் பணம் காட்டுக்குப் போகிறது. விஸ்கான்சினில் மட்டும் துப்பாக்கிக் காலத்துக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் உரிமம் வாங்குகிறார்கள். நன்றி அறிவித்தல் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள், ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பட்டாளமே காட்டுக்குள் இருக்கும். உங்கள் குண்டு மானைத் தாண்டி எங்கே போய் நிற்கும் என்று பார்க்காமல் விசையைத் தொடக் கூடாது என்பதற்கு அதைவிடக் காரணம் வேண்டியதில்லை. .243-உம் தவறினால் மைல் கணக்கில் பறக்கும்.

குண்டைப் பற்றிச் சுருக்கமாக. காலிபருக்கு ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் குண்டுக்கு ஒரு நிமிடம்கூடச் செலவழிப்பதில்லை. முழுக்க உலோக உறை போட்ட ராணுவ வகைக் குண்டு மானுக்கு ஆகாது, பல மாநிலங்களில் சட்டவிரோதமும்கூட. ஊசிபோலத் துளைத்துக்கொண்டு போய்விடும், மான் மணிக்கணக்கில் அவதிப்படும். முனையில் ஈயம் தெரியும் சாஃப்ட் பாயிண்ட், அல்லது பிளாஸ்டிக் முனை வைத்த வேட்டைக் குண்டு, அல்லது முழுச் செம்பு, மூன்றும் உள்ளே போய் விரியும். எண்பது கிலோ மானுக்குச் சாதாரண சாஃப்ட் பாயிண்ட் பெட்டியே போதும். நான் இப்போது செம்புக்கு மாறிவிட்டேன். குழந்தைகள் சாப்பிடும் கறியில் ஈயத் துணுக்கு இருக்க வேண்டாம் என்பதற்காக. விலை கூடுதல், ஆனால் வருடத்துக்கு இரண்டு மூன்று தோட்டாதானே வேட்டைக்கு.

ரைஃபிள் எடுக்கும்போது உங்கள் உயரத்தை மறக்காதீர்கள். விசையிலிருந்து தோளில் பதியும் கட்டையின் பின்முனை வரை பொதுவாகப் பதின்மூன்றரை அங்குலம் வைத்திருப்பார்கள், ஐந்தடி ஐந்துக்கு அது நீளமாகத் தோன்றலாம். கடையில் டி-ஷர்ட்டில் சரியாக இருக்கும். நவம்பர் குளிரில் இரண்டு ஸ்வெட்டரும் மேலே கோட்டும் போட்டதும் அரை அங்குலம் கூடிவிடும், கட்டை அக்குளில் மாட்டும். கடைக்குப் போகும்போதே அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டு போங்கள், கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். கட்டையின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள கச்சிதமான மாடல்கள் ரூகர், சாவேஜ் போன்ற நிறுவனங்களில் உண்டு. போல்ட் ஆக்‌ஷன் எடுங்கள், அதாவது பக்கத்துக் கைப்பிடியைத் தூக்கி இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் வகை, எளிமையானது, குழலில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று பார்த்தவுடன் தெரியும். ரொம்ப இலேசான மலைவேட்டை மாடல்களைத் தவிர்த்துவிடுங்கள். துப்பாக்கி இலேசாக ஆக உதை கூடும், 6.5-க்கும் அதே கதி. ஸ்கோப் 3-9x40 போதும், அதாவது மூன்று முதல் ஒன்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டும், முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்றரை அங்குலமாவது இடைவெளி வைத்து மாட்டச் சொல்லுங்கள். என் புருவம் சொல்கிறது, கேளுங்கள்.

மிச்சமாகும் பணத்தை ஒரு .22 ரைஃபிளில் போடுங்கள். மானுக்கு அதை எடுத்துக்கொண்டு போகக் கூடாது, சட்டமும் விடாது. பயிற்சிக்கு மட்டும். பெரிய ரைஃபிளில் ஒரு தோட்டா சுடும் காசுக்கு அதில் பத்துப் பதினைந்து சுடலாம், உதையே கிடையாது, என்சிசி ஞாபகமும் வரும். அதில் விசையை மெதுவாக அழுத்தும் பழக்கம் கைக்கு வந்த பிறகு 6.5-ஐ எடுங்கள்.

அப்போது நண்பரிடம் ஒரு காரியம் சொல்லுங்கள். நீங்கள் பார்க்காமல் அவரே ரைஃபிளில் ஒரு முறை நிஜத் தோட்டாவும் ஒரு முறை போலித் தோட்டாவும் மாற்றி மாற்றிப் போட்டுக் கொடுக்கட்டும். போலி வரும்போது குழல் முனை கீழே குத்தினால் நீங்கள் உதைக்குப் பயந்து துள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். நான் இதை முதன்முதலில் செய்தபோது முனை நாலு அங்குலம் இறங்கியது. பக்கத்து வீட்டு மாட்டுப்பண்ணைக் கிழவர்தான் செய்ய வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்த் தன் பேத்தியின் .243-ஐ எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார்.

100 கெஜத்தில் குண்டு குறிக்கு இரண்டு அங்குலம் மேலே படும்படி ஸ்கோப்பை அமைத்தால் 200 கெஜம்வரை கூட்டிக் கழிக்காமல் நேராகக் குறிவைக்கலாம், 6.5-க்கும் .308-க்கும் கிட்டத்தட்ட இது பொருந்தும். மேசையில் வைத்துச் சுடுவது குறி அமைக்க மட்டும். அதற்கு அப்புறம் உட்கார்ந்து, முழங்காலிட்டு, மரத்தில் சாய்ந்து, ஒரு காகிதத் தட்டை நோக்கிச் சுடுங்கள். ஐந்தில் ஐந்தும் தட்டுக்குள் விழும் தூரம் எதுவோ, அந்த வருடம் அதுதான் உங்கள் எல்லை. அது 80 கெஜமாக இருந்தால் 90-இல் நிற்கும் மானைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாருங்கள். குறி அமைத்த அதே தோட்டா, அதே பெட்டிப் பெயர், அதே எடையில் இன்னும் இரண்டு பெட்டி இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழலில் பொறித்த பெயரும் பெட்டிமேல் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அக்டோபர் கடைசியில் போனால் அலமாரி காலியாக இருக்கும், ஆகஸ்டிலேயே போய்விடுங்கள்.